27 மடிப்பு, நூல் கணக்கு: குறிப்பைப் படித்தே கில்ட் தைப்பது

தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்னால் மடிப்பு வைத்த பாவாடை மாதிரியான கில்ட்டைத் தைக்க என்ன அவசியம் என்று கேட்பீர்கள். அக்கா மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். பட்டமளிப்பு விழாவுக்குக் கில்ட் கட்டிக்கொள்ள ஆசை, ஆனால் கையால் தைத்தது என்ன விலை என்று கேட்டுவிட்டுக் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டான். லீவுக்கு வந்தபோது துணியையும், தையல் குறிப்பு அச்செடுத்த ஒரு கட்டுக் காகிதத்தையும் என் மிஷின் மேல் வைத்து, "சித்தி, நீதான் எதையும் தைப்பியே" என்றான். இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை பிரித்துத் தைத்த பிறகு எழுதுகிறேன், நீங்களாவது ஒரே தடவையில் முடியுங்கள்.

முதல் தடவை குறிப்பைப் படிக்கும்போது கத்தரிக்கோலைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இந்தக் குறிப்புகளை எழுதுகிறவர்கள், படிப்பவர் ஒரு கில்ட்டை உள்பக்கம் புரட்டியாவது பார்த்திருப்பார் என்று நினைத்து எழுதுகிறார்கள். நாம் பார்த்ததில்லை. அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் உங்களுக்குப் புரிகிற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரன் என்று வந்தால், முன்பக்கம் மடிப்பே இல்லாமல் தட்டையாக விழுகிற பாகம். அது இரண்டு உண்டு, ஒன்றின் மேல் ஒன்று சுற்றிவரும். நான் மேல் முந்தி, உள் முந்தி என்று எழுதிக்கொண்டேன். செட் என்றால் கட்டம் முழுதாக ஒரு சுற்று ஓடி மறுபடி ஆரம்பிக்கிற தூரம். ஃபெல் என்பது இடுப்பிலிருந்து பின்புறத்தின் அகலமான இடம் வரை மடிப்புகளைச் சேர்த்துத் தைக்கிற பாகம், அதற்குக் கீழே மடிப்பு சும்மா தொங்கும். ரைஸ் என்பது இடுப்புக்கு மேலே ஏறி நிற்கிற 2 இஞ்ச்.

இடது, வலது விஷயத்தில்தான் நான் விழுந்தேன். குறிப்பில் வலது என்றால் கட்டிக்கொள்கிறவரின் வலது. நான் மேஜையில் விரித்துப் போட்டு என் வலது என்று எடுத்துக்கொண்டேன். பாதி தைத்து, வேட்டி மேலேயே வீட்டுக்காரருக்குச் சுற்றிப் பார்த்தால் மேல் முந்தி இடது பக்கம் வந்து நிற்கிறது. ஆண்கள் கில்ட்டில் அது வலது இடுப்பில்தான் முடிய வேண்டும். சரி, பிரித்தேன். துணியின் நல்ல பக்கத்தில் கட்டுகிறவரின் வலது, இடது என்று இரண்டு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தால் அந்த ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

அளவு எடுப்பது சுலபம், ஆனால் பேண்ட் அளவு உதவாது. கில்ட்டின் இடுப்பு தொப்புளுக்குப் பக்கத்தில் வரும். இடுப்புச் சுற்று, பின்புறம் அகலமான இடத்தின் சுற்று, இடுப்பிலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரை நீளம், இடுப்பிலிருந்து அந்த அகலமான இடம் வரை இறக்கம் என்று நாலு அளவு போதும்.

துணி பெரியவர் ஒருவருக்கு 8 கஜம். மடிசார் புடவை 9 கஜம், அதில் ஒரு கஜம்தான் குறைவு என்று நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும். அகலத் துணியில் 4 கஜம் வாங்கி நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, கட்டம் பொருந்தும்படி ஒட்டுப்போட்டால் சுமார் 27 இஞ்ச் அகலத்தில் 8 கஜம் கிடைக்கும். ஒட்டுத் தையல் ஒரு மடிப்புக்குள்ளே மறைந்துபோகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். துணியின் கரைதான் கில்ட்டின் கீழ் ஓரம், அதை மடித்து ஹெம்மிங் பண்ணக் கூடாது. வருஷக்கணக்காகப் பாவாடைக்கு ஓரம் அடித்த கை தானாகவே மடிக்கப் போகும், அடக்குங்கள். அவன் கொண்டுவந்தது 16 அவுன்ஸ் கம்பளி. சித்திரை வெயிலில் அதை மடியில் போட்டுக்கொண்டு கரண்ட் போன மத்தியானத்தில் ஊசி பிடித்தது தனிக் கதை. இதே தர்மபுரியில் 1792 முதல் 1799 வரை, கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் கீழே, பாரமகால் என்று அப்போது சொன்ன இந்தப் பக்கத்தில் வரிவசூல் வேலை பார்த்து, பின்னால் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோக்காரர்தான். ஆனால் கில்ட் அந்த நாட்டு மலைக்காரர்களின் உடை, கிளாஸ்கோ கீழ்நாடு, அதனால் மன்றோ இங்கே கம்பளியைக் கட்டிக்கொண்டு வேர்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

நல்ல துணியைத் தொடும் முன் பழைய கட்டம் போட்ட போர்வை ஒன்றில் ஐந்து மடிப்பாவது தைத்துப் பாருங்கள். குறிப்பில் எத்தனை தடவை படித்தும் புரியாத வரி, துணி கையில் இருக்கும்போது புரிந்துவிடும்.

இப்போது கணக்கு. இதை மட்டும் அவசரப்படாமல் போடுங்கள். இவனுக்கு இடுப்பு 34, பின்புறச் சுற்று 40. சுற்றளவில் பாதி முன்பக்க முந்திக்கு, பாதி மடிப்புக்கு என்று வைத்தால், மடிப்புகள் எல்லாம் சேர்ந்து மேலே 17 இஞ்ச், கீழே 20 இஞ்ச் அடைக்க வேண்டும். துணியின் செட் ஏழரை இஞ்ச், ஒரு மடிப்புக்கு ஒரு செட். அப்படி மடித்தால் பின்னால் ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு வந்து நிற்கும். 27 மடிப்புக்கு 202 இஞ்ச் சொச்சம் போகும். 8 கஜம் என்பது 288 இஞ்ச், மீதி இரண்டு முந்திக்கும், பக்கத்தில் வருகிற ஆழமான மடிப்புகளுக்கும், ஒட்டுக்கும். 20 இஞ்சை 27-ஆல் வகுத்தால் ஒரு மடிப்பு வெளியே தெரிகிற அகலம் முக்கால் இஞ்ச் கிட்ட, 17-ஐ வகுத்தால் அதைவிட அரைக்கால் இஞ்ச் குறைவு. குறிப்பில் இதைத் தசமத்தில் போட்டிருந்தார்கள், தலை சுற்றியது. ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச் என்கிற நம் கணக்குக்கு மாற்றினேன்: கீழே ஆறு நூல், மேலே ஐந்து நூல். அவ்வளவுதான் விஷயம், ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக ஒரு நூல் குறுக வேண்டும்.

அரை நூல்தானே என்று விட்டீர்களானால் 27 மடிப்பில் ஒன்றே முக்கால் இஞ்ச் கிட்டப் போய்விடும். நான் இரண்டாம் தடவை பிரித்தது அதனால்தான். இப்போது ஐந்து மடிப்புக்கு ஒருமுறை டேப் வைக்கிறேன்: கீழே மூன்றே முக்கால், மேலே மூன்று இஞ்சும் ஒரு நூலும். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி அந்த ஐந்தை மட்டும் பிரித்தால் போதும்.

தைப்பது முழுக்கக் கையால். மடிப்பின் விளிம்பைப் பிடித்து, முந்தின மடிப்பின் மேல் ஆறு நூல் விட்டு வையுங்கள். குறுக்கே ஓடுகிற கோடு இரண்டிலும் ஒரே நேராக இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கோட்டின் மேலேயே குண்டூசி குத்துங்கள், நடுவில் எங்காவது குத்தினால் துணி நகரும். விளிம்பில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிற நூல். கீழிருந்து மேலே, விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் ஊசியில் எடுத்து, அடியில் இருக்கிற துணியில் இறக்கி, மறுபடி விளிம்பு. ஜாக்கெட் கைக்கு ஹெம்மிங் போடுகிற கை இதை ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். இழுத்துக் கட்டாதீர்கள், சுருங்கும். நல்ல தையல் வெளியே தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். எனக்கு ஒரு மடிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆனது, கடைசியில் அரை மணியாகக் குறைந்தது.

தைத்து முடித்ததும் கீழே தொங்கும் மடிப்புகளைக் கரை வரை பெரிய பெரிய ஓட்டுத்தையலால் பிடித்து வையுங்கள். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள்.

அடுத்தது பயமான இடம். உள்பக்கம் மேலே 27 மடிப்பும் சேர்ந்து மெத்தை மாதிரி இருக்கும், அந்தச் சதையை வெட்டி எடுக்கச் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன்னால் மடிப்புகளை உள்ளே குறுக்காகக் கோத்துத் தைக்கச் சொல்லும் பத்தி ஒன்று வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தத் தையல்தான் கீழே தொங்குகிற பாரத்தைத் தாங்குகிறது, அது இல்லாமல் வெட்டினால் பின்பக்கம் நாளாக நாளாகத் தொய்ந்துவிடும்.

மீதி எல்லாம் நமக்குத் தெரிந்த வேலை: உள்ளே கேன்வாஸ், மேலே பட்டி, கடைசியில் காட்டன் லைனிங், மேல் முந்தியின் ஓரத்தில் இழை உருவிக் குஞ்சம். பக்கிள் மூன்று, வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. உள் முந்தியின் வார் இடது பக்கம் ஒரு காஜா வழியாக வெளியே வந்து மாட்டும், காஜாவை வாரின் அகலத்துக்கு அளந்து எடுங்கள். தோல் வாருக்கு நான் எங்கும் அலையவில்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணனிடம் படத்தைக் காட்டினேன், "பெல்ட்டு மாதிரிதானேம்மா" என்று அரை நாளில் வெட்டிக் கொடுத்தார். ஓட்டை மட்டும் ஆளுக்குக் கட்டிப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். பிடித்து வைத்த அந்தப் பெரிய ஓட்டுத்தையலையும் பிரிக்காமலே மடித்துப் பெட்டியில் வையுங்கள், விழா அன்று காலையில் அவன் பிரித்துக்கொள்ளட்டும்.