குடி மாறும்போது ரிப்பேர் செலவு: எது நியாயம், எப்படிக் கணக்கிடுவது?

ஒருவர் காலி செய்து அடுத்தவர் குடிவருவதற்குள் வீட்டைச் சரிசெய்கையில் செலவு எகிறுவதற்குப் பெரும்பாலும் காரணம், வேலை எவ்வளவு என்று அளக்காமலே ‘மொத்தம் எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதுதான். அளவு உங்கள் கையில் இருந்தால் சொல்லும் விலை சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாமான் எடுத்ததும் பகல் வெளிச்சத்தில் ஒரு டேப், நோட்டு, டார்ச்சுடன் சுற்றிவாருங்கள். டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்து அடித்தால் பட்டி (பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) உப்பிய இடமும் ஆணி பெயர்த்த இடமும் நிழலாகத் தெரியும். குழாய்களைத் திறந்து மூடுங்கள், சுவிட்சுகளைப் போட்டுப் பாருங்கள், கதவுகளைத் தாழிட்டுப் பாருங்கள்.

அதிகம் பணம் போவது பெயின்டுக்கு. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. மேற்கூரை 120 சேர்த்து 520. பழைய பெயின்ட் நன்றாக இருந்தால், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம் (சரியான கணக்கு டப்பாவிலேயே இருக்கும்). அதாவது சுமார் 4.3 லிட்டர். 5 லிட்டர் வாங்கினால் போதும். 8 லிட்டர் பட்டியலில் இருந்தால் காரணம் கேளுங்கள். சதுர அடி ரேட் என்றால் சுவர்ப் பரப்புக்கா, தரைப் பரப்புக்கா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. சுவர் முழுக்கப் பட்டி போடுவதும் பெரும்பாலும் தேவையில்லை. பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, அங்கே மட்டும் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் கோட்) அடித்தால் போதும்.

ஓதம் (ஈரக்கசிவு) இருக்கும் சுவரில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நீர் வரும் வழியை அடைக்காமல் எந்த பெயின்டை அடித்தாலும் உப்பிப் பெயர்ந்துவிடும், போட்ட பணமும் வீண். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் ஈரம் கோத்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது: பைப் கசிவு, குளியலறை ஓடுகளின் இடுக்கு, வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அறையின் காற்றோட்டத்தில்தான் குறை.

பிளம்பிங்கில் பாகத்தை மாற்றுவதா, முழுசாக மாற்றுவதா என்பதே கேள்வி. சொட்டும் குழாய்க்குப் பழைய மாடலில் வாஷரும், கால் திருப்பில் திறக்கும் மாடலில் உள்ளிருக்கும் ஸ்பிண்டிலும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதென்றால் டேங்க் நீரில் கொஞ்சம் கலர்ப்பொடி போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். நிறம் கீழே கோப்பையில் இறங்கினால் அடிவாஷர் தேய்ந்திருக்கிறது; டேங்கையே மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கொட்டேஷன் மூன்று பேரிடம், ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து, கூலியும் பொருளும் தனித்தனியாக வாங்குங்கள். மிகக் குறைந்த ரேட் சொல்பவர் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் தேய்ப்பும் பிரைமரும் காணாது. ஒரு சுவிட்ச் மாற்ற வந்தாலும் ஆள் வருகைக் கூலி உண்டு, அதனால் சில்லறை வேலைகளைச் சேர்த்து ஒரே நாளில் முடியுங்கள். வரிசையும் முக்கியம்: பிளம்பிங், எலக்ட்ரிக்கல், தச்சு, பூச்சு, கடைசியில் பெயின்ட். வரிசை மாறினால் பெயின்ட் அடித்த சுவரையே உடைக்க நேரும்.

முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம்? புழக்கத்தில் மங்கிய பெயின்ட், சிறு ஆணித் துளை ஆகியவை வீட்டுக்காரர் செலவு. உடைந்த வாஷ்பேசின், கிறுக்கிய சுவர் ஆகியவை குடியிருந்தவர் செலவு, அதுவும் மீதி ஆயுளுக்கு மட்டும். பெயின்டின் ஆயுளை 5 வருடம் என்று வைத்தால், 3 வருடம் ஆன சுவர் பாழானதற்கு மறுபெயின்ட் செலவில் ஐந்தில் இரண்டு பங்குதான் கேட்கலாம். அந்தச் சுவரின் பரப்புக்கு மட்டும், வீடு முழுவதற்கும் அல்ல. ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வேறு மாதிரிச் சொன்னால் அதுவே செல்லும். குடிவந்த அன்று எடுத்த படத்தையும் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிடியுங்கள்.