கால்பந்து வீரரின் ஆட்டத்தையும் சமூகப் பணியையும் ஒரே கட்டுரையில் எழுதுவது எப்படி?

கோல்களையும் கோப்பைகளையும் பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, ‘சமூகத் தொண்டிலும் ஈடுபாடு கொண்டவர்’ என்று கடைசியில் ஒரு வரி ஒட்டுவதே விளையாட்டு வீரர்களைப் பற்றிய கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே இழையில் கோக்கும் முறையை இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் வீரரின் சிறுவயதைத் தேடிப் படியுங்கள். 1997-இல் மான்செஸ்டரில் பிறந்த ராஷ்ஃபோர்டைத் தாய் பல வேலைகள் பார்த்து வளர்த்தார். பள்ளியில் கிடைத்த இலவச உணவை நம்பியிருந்த வீடு அது. 7 வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் அவர் சேர்ந்த செய்தியையும் இதே பத்தியில் வையுங்கள். பசியையும் பந்தையும் வேறு வேறு அத்தியாயங்களாகப் பிரித்தால் பிறகு சேர்ப்பது கடினம்.

ஆட்டத்தைச் சொல்ல ஒரே ஓர் இரவு போதும். 2016 பிப்ரவரி 25 அன்று, டென்மார்க்கின் மிட்யூலன் அணிக்கு எதிரான யூரோப்பா லீக் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பயிற்சியின்போது சக வீரர் அந்தோனி மார்சியால் காயமடைந்ததால், 39ஆம் எண் சட்டையுடன் 18 வயது ராஷ்ஃபோர்ட் களமிறங்கி இரண்டு கோல்கள் அடித்தார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மேலும் இரண்டு.

இரு இழைகளும் முடிச்சிடும் இடத்தில்தான் நீங்கள் நின்று நிதானமாக எழுத வேண்டும். 2020 ஜனவரியில் முதுகில் ஏற்பட்ட காயம் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கியது. மார்ச்சில் ஊரடங்கால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஃபேர்ஷேர் என்னும் தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து ஏழைக் குழந்தைகளுக்கு உணவு கிடைக்க நிதி திரட்டினார். பள்ளி இலவச உணவுக்கு ஈடாக அரசு தந்துவந்த உணவுச் சீட்டுகளைக் கோடை விடுமுறையிலும் நிறுத்தக் கூடாது என்று கேட்டு ஜூன் 15 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அவர் திறந்த மடல் எழுத, மறுநாளே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆறு வாரங்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 90 பவுண்டு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 13 லட்சம் குழந்தைகள் இதற்குத் தகுதி பெற்றார்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். கோடைக்கால உணவுக்கு ஒதுக்கப்பட்ட 12 கோடி பவுண்டு அரசின் பணம்; ராஷ்ஃபோர்ட் ‘வழங்கினார்’ என்று எழுதினால் அது பிழை, ‘வழங்க வைத்தார்’ என்பதே சரி. ஒரே வினைச்சொல்லில் கொடை வேறு, கோரிக்கை வேறு என்பது மறைந்துவிடும்.

தோல்விகளை மறைக்காதீர்கள். அதே ஆண்டு அக்டோபரில், விடுமுறை உணவை நீட்டிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. நவம்பரில்தான் அரசு மீண்டும் இறங்கிவந்தது. அவர் பெற்ற எம்.பி.இ. என்னும் பிரிட்டிஷ் கௌரவப் பட்டத்துக்கு ஒரு வரி போதும். ‘மாமனிதர்’, ‘வள்ளல்’ போன்ற அடைமொழிகளை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். தேதிகளே அந்த வேலையைச் செய்யும்.

முடிவுக்கு 2021 ஜூலையை வைத்துக்கொள்ளுங்கள். யூரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் பெனால்டியைத் தவறவிட்ட இரவுக்குப் பின், மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் இருந்த அவருடைய சுவரோவியத்தை யாரோ கிறுக்கிச் சிதைத்தார்கள். கிறுக்கல் தெரியாதபடி அப்பகுதி மக்கள் கைப்படக் குறிப்புகளும் காகித இதயங்களும் எழுதி ஒட்டினார்கள். இந்தக் காட்சிக்குப் பின் விளக்கம் ஏதும் சேர்க்க வேண்டாம்.