தேக்கு டெக்கைப் பொன்னிறமாக்கப் போய்ப் பலகையைத் தொலைக்காதீர்கள்

துபாயில் படகுகளின் தேக்குத் தளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் சில வருடங்களாக என் பிழைப்பு. இந்த ஊர் வெயிலைத் தேக்கு தாங்கிக்கொள்ளும், ஆனால் வெயிலில் வெளுத்துவிட்டதே என்று பதறி நாம் செய்கிற வைத்தியத்தைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

புதுத் தேக்கு தேன் நிறத்தில் இருக்கும், சில மாதங்களில் சாம்பலாகிவிடும். புற ஊதாக் கதிர் பட்டு மரத்தின் மேல்தோல் மட்டும் நிறம் இழக்கிறது, அவ்வளவுதான். லேசாகச் சுரண்டிப் பாருங்கள், கீழே பழைய நிறம் அப்படியே இருக்கும். 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டிய டிரிங்கோமலி என்கிற போர்க்கப்பல் (ஆமாம், நம்ம திருகோணமலைதான்) இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது, ஆகவே சாம்பல் நிறத்தைப் பார்த்து மரம் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இந்த நிறத்தைத் துரத்துகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பிரஷர் வாஷர். பத்தே நிமிடத்தில் டெக் பளபளவென்று ஆகிவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். தேக்கில் மெதுவான நாரும் கெட்டியான நாரும் மாறி மாறி ஓடும், தண்ணீரின் வேகத்தில் மெதுவான நார் பிய்த்துக்கொண்டு போய்விட, கெட்டி நார் மட்டும் மேடாக நிற்கும். போன வருடம் அப்படி ஒரு டெக்கில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், சீப்பின் பல்லில் இழுத்த மாதிரி கரகரவென்றது. அந்தப் பள்ளங்களில் தூசியும் பூஞ்சையும் குடியேறும். அப்புறம் அதைச் சமன்செய்ய உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும், தேய்த்த தடிமன் திரும்பி வராது. இப்போதைய படகுகள் பலவற்றில் பலகையே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவுதான், அதில் எத்தனை முறை தேய்ப்பீர்கள்? மாற்றிக்கொள்ளலாம் என்றால், மியான்மர் 2014இல் அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது, 2021க்குப் பிறகு மேற்கு நாடுகளின் தடைகள் வேறு, நல்ல பர்மா தேக்கின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

பிரஷ்ஷால் தேய்ப்பதிலும் இதே கதைதான். வீட்டுத் தரை ஞாபகத்தில் பலகையின் நீளவாக்கில் அழுத்தித் தேய்க்கிறார்கள், அதிலும் மெதுவான நார்தான் பறிபோகும். மென்மையான பிரஷ், ரேகைக்குக் குறுக்காக, லேசான கை, அது போதும். அமிலமும் காரமும் தனித்தனி பாட்டிலில் வரும் கிளீனர் இருக்கிறதே, அதை மாதாமாதம் ஊற்றாதீர்கள். மரத்தையும் தின்னும், பலகைகளுக்கு நடுவே உள்ள கருப்பு ரப்பரையும் தின்னும். பிளீச்சும் வேண்டாம்.

சரி, எதில் கழுவுவது? கடல் தண்ணீரில். நல்ல தண்ணீர்தான் நல்லது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள், டெக்குக்கு அது நேர்மாறு. மரத்தில் தங்குகிற உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பலகை வறண்டு சுருங்குவது குறையும், பூஞ்சையும் அண்டாது. ஆனால் படகுகள் நிறுத்தும் மரினாவுக்குள் மிதக்கும் டீசல் படலத்தோடு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், வெளியே போகும்போது ஒரு வாளி அள்ளுங்கள். காலையிலோ சாயங்காலமோ ஊற்றினால் நல்லது.

எண்ணெய் பூசுவது அடுத்த ஆசை. தேக்குக்கு அதன் சொந்த எண்ணெயே போதும். மேலே பூசியதோ இந்த வெயிலில் பிசுபிசுத்து, பாலைவனத் தூசியை இழுத்து ஒட்டவைத்து, இரண்டு மூன்று மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பை எடுக்க மறுபடியும் கிளீனர், மறுபடியும் எண்ணெய். வார்னிஷ் பற்றிப் பேசவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும், உரிந்தும் வரும். மீன் குழம்போ சன் கிரீமோ சிந்தினால் உடனே பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுவிடுங்கள். லேசாக மிச்சம் இருக்கும் கறையை வெயில் மெல்ல வெளுக்கும்.

உண்மையில் வெயில் பாழாக்குவது பலகைகளுக்கு நடுவே உள்ள அந்தக் கருப்பு ரப்பரைத்தான். தோணி கட்டுகிறவர்கள் பலகை இடுக்குகளை அடைப்பதைக் கலப்பத்து என்பார்களே, அதன் இன்றைய வடிவம். பலகை சுருங்கும்போது ஓரம் விட்டுக்கொள்ளும், அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கினால் கீழே உள்ள தளமே உளுத்துப்போகும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கி அடைப்பது பெருந்தவறு, இந்த இடுக்குகளை நிரப்பவென்றே வரும், வெயிலைத் தாங்கும் டெக் கால்கிங்கே வாங்குங்கள். பழையதை முழுதாக எடுத்து, பக்கவாட்டை அசிட்டோனால் துடைத்து, பள்ளத்தின் அடியில் ஒட்டாத டேப் ஒன்றைப் போட்டு, பிறகு நிரப்ப வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் மரம் அசையும்போது ரப்பரால் நீள முடியாமல் ஒரு பக்கம் கிழியும். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30இலிருந்து 3 மணிவரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, கால்கிங்கையும் அந்த நேரத்தில் கையில் எடுக்காதீர்கள். கொதிக்கிற மரத்தில் குமிழ் விடும். சாயங்காலம் சூடு இறங்கியதும் போடுங்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாயை டெக்கின் மேலேயே போர்த்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வேர்த்து ஒரே பூஞ்சை. துணிப் பந்தலாக உயர்த்திக் கட்டினால் காற்றும் ஓடும், நிழலும் கிடைக்கும். திரும்பி வந்ததும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பலகைகளைத் தட்டிக்கொண்டே நடங்கள், டொக்கு டொக்கென்று காலிச் சத்தம் வரும் இடத்தில் பலகை கீழ்த்தளத்திலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கே ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.