பாதை இல்லாத ஏரிக்கு அதிகாலையில் கிளம்புகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஜூலை பிறந்தால் போதும், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து ஒரு கூட்டம் கிழக்கு சியராவுக்கு, அதாவது கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்துக்குக் கிளம்பிவிடும். பாதை முடிகிற இடத்தையும் தாண்டிப் போய், பதினோராயிரம் அடி உயரத்தில் கிடக்கிற ஏரிகளை விடியல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். நல்ல ஆசைதான். சியராவின் கிழக்குச் சரிவு சூரியனை நேராகப் பார்த்து நிற்பதால் முதல் வெளிச்சம் சிகரங்களில் சிவப்பாக விழும், காற்று கிளம்புவதற்கு முன் ஏரி அசையாமல் கிடக்கும், மதியத்து இடிமழைக்கு முன்னால் இறங்கியும் விடலாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் அதே இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் மாட்டிய இடங்கள்தான், அதனால் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. தண்ணீர் எடு, நல்ல ஷூ போடு, சன்ஸ்கிரீன் பூசு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

உதாரணத்துக்கு லிட்டில் லேக்ஸ் வேலியை வைத்துக்கொள்வோம். 395-ஆம் நெடுஞ்சாலையில் டாம்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் திரும்பி, ராக் க்ரீக் சாலையில் கடைசி வரை போனால் மொஸ்கிட்டோ ஃபிளாட். வண்டி நிறுத்துகிற இடமே பத்தாயிரம் அடிக்கு மேல். அங்கிருந்து ஹார்ட், பாக்ஸ், லாங் என்று ஏரிகளை ஒட்டியே நல்ல பாதை போகும், சுமார் மூன்றரை மைலில் ஜெம் ஏரிகள். அதற்கு மேலே ட்ரெஷர் ஏரிகளும், பேர் க்ரீக் ஸ்பயர் சிகரத்தின் காலடியில் டேட் ஏரியும் இருக்கின்றன. அந்த மேல்பாதிக்குப் போட்டு வைத்த பாதை கிடையாது. நான் சொல்வதெல்லாம் அந்த மாதிரி இடங்களைப் பற்றி.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஓட்டிக்கொண்டு வந்து ஏறுவது

ஆபீஸ் முடித்து ஐந்து மணிக்குக் கிளம்பி, மலைத்தொடரைத் தாண்டுகிற டையோகா கணவாய் வழியாக நள்ளிரவுக்கு வந்து சேர்ந்து, காரிலேயே மூன்று மணி நேரம் கண்ணை மூடிவிட்டு ஏற ஆரம்பிப்பார்கள். காலையில் கடல் மட்டத்தில் காபி குடித்த உடம்பு அது. ஒரே ராத்திரியில் பத்தாயிரம் அடி. ஃபிட்டாக இருக்கிறோம், மாரத்தான் ஓடியிருக்கிறோம் என்பதெல்லாம் உயரத்திடம் எடுபடாது. தலைவலியும் குமட்டலும் வந்தால்கூடப் பரவாயில்லை, ஆளுக்கே தெரியும். தெரியாமல் வருவது யோசனை மந்தமாவது. கையுறையைக் கழற்றி வைத்த இடம் மறக்கும், சாப்பிடத் தோன்றாது, பத்து நிமிடத்துக்கு முன் பேசி முடித்த விஷயத்தையே மறுபடி கேட்பார்கள். அந்த நிலையில்தான் கீழே சொல்லப் போகிற பெரிய தவறு நடக்கிறது. ஒரு நாள் முன்னதாக வந்து எட்டாயிரம், ஒன்பதாயிரம் அடியில் படுத்துத் தூங்குங்கள். லீவு இல்லையென்றால் பாதை போகிற வரைக்கும் போய் ஜெம் ஏரியோடு திரும்புங்கள், அதுவும் அழகான ஏரிதான்.

இருட்டிலேயே பாதையை விட்டு விலகுவது

இரண்டு மணிக்கே கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் கிளம்பினால் பாதை முடிகிற இடத்துக்கு வந்து நிற்கும்போது கும்மிருட்டாக இருக்கும். நிற்கப் பொறுமை இல்லாமல் ஹெட்லேம்ப் வெளிச்சத்திலேயே பாறைக் குவியலுக்குள் நுழைந்துவிடுவார்கள். நெற்றியில் இருக்கிற விளக்கு கண்ணுக்கு நேராகவே அடிப்பதால் நிழல் விழாது, நிழல் இல்லையென்றால் எது பள்ளம், எது ஆடுகிற கல் என்று தெரியாது. முப்பதடிக்கு அப்பால் எதுவுமே தெரியாது. ஏரியிலிருந்து தண்ணீர் வழிகிற வாய்ப்பக்கம் தெறித்த ஈரம் ராத்திரியில் உறைந்து கல்மேல் கண்ணாடிப் பூச்சாக இருக்கும், கால் வைத்தபிறகுதான் புரியும்.

கணக்கு ரொம்ப எளிது. ஜூலை நடுவில் அங்கே சூரிய உதயம் ஆறு மணிக்குச் சற்று முன்னால், அதற்கு அரை மணி நேரம் முன்பே கல்லும் புல்லும் பிரித்துத் தெரியும். அதனால் மூன்றே முக்கால், நான்கு மணிக்குக் கிளம்பினால் இருட்டு முழுவதும் நல்ல பாதையில் கழியும், பாதை முடிகிற இடத்தில் வெளிச்சம் வந்திருக்கும். உதயத்தை டேட் ஏரியில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் முந்தின நாளே பகலில் ஏறி, பெர்மிட் எடுத்து, மேலே தங்க வேண்டும்.

ஓடையைப் பிடித்து இறங்குவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் செய்கிறார்.

பிஷப் என்கிற ஊர்ப் பக்கம் ஓர் ஏரி. பெயர் வேண்டாம், ஏற்கெனவே கூட்டம் போதும். காலை வெளிச்சம் பார்த்து, படம் எடுத்து, கொண்டுபோன இட்லிப்பொடி சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தாயிற்று. நான் இன்னும் ட்ரைபாடை மடக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்த இரண்டு பேருக்கு நிலைகொள்ளவில்லை. "அண்ணா, கீழ ஏரி இங்கருந்தே தெரியுது பாருங்க. வந்த வழியில போனா சுத்து. ஓடைய ஒட்டி நேரா இறங்கிர்றோம், நீங்க வாங்க." சொன்ன தம்பிக்கு ஊர் தேனிப் பக்கம், சின்ன வயதிலிருந்தே மலை தெரிந்தவன். வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வந்துவிடும் என்று அவன் தாத்தா சொல்லிக்கொடுத்திருக்கிறார். வேண்டாம், இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் பையைக் கட்டி நிமிர்வதற்குள் ஆள் இல்லை.

தாத்தா சொன்னதெல்லாம் சியராவில் ஏன் செல்லாது என்றால், இந்தப் பள்ளத்தாக்குகளை வெட்டியது தண்ணீர் இல்லை, பனியாறு. பனியாறு பள்ளத்தாக்கைச் சீரான சரிவாக வெட்டாது, மாடிப்படி மாதிரி வெட்டும். சமதளம், அதில் ஓர் ஏரி, பிறகு ஒரு செங்குத்துச் சுவர், மறுபடி சமதளம், மறுபடி ஏரி. மேல் ஏரியின் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போக வேண்டுமென்றால் அந்தச் சுவரில் விழுந்துதான் ஆக வேண்டும். ஆக, நீங்கள் ஓடையைப் பிடித்துப் போனால் சுவரின் விளிம்புக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பனியாறு பாறைமேல் ஏறி வருகிற பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும், இறங்கிப் போகிற பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். பனி மேலிருந்து கீழே போனது, அதனால் வழவழப்பான பக்கம் மேல்நோக்கியும் பிய்ந்த பக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். ஏறும்போது பிய்ந்த பக்கம் உங்கள் கண்ணெதிரே நிற்கிறது, எங்கே ஏற முடியாது என்று நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் ஒரு புல்சரிவைக் கண்டுபிடித்து ஏறிவிடுவீர்கள். இறங்கும்போது தெரிவதெல்லாம் மெல்ல வளைந்து போகிற வழவழப்பான கிரானைட்டும், அதற்கு அப்பால் நீலமாக ஏரியும். நடுவில் இருக்கிற சுவர் தெரியவே தெரியாது.

வரைபடம் காட்டிக்கொடுக்குமே என்றால், அதுவும் பாதிதான். அமெரிக்க நிலவியல் துறையின் வரைபடங்களில் இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் 40 அடிக்கு ஒரு உயரக்கோடு. முப்பதடிச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். முப்பதடி என்பது மூன்று மாடி.

சரி, அந்த இரண்டு பேர் கதை. முதல் நூறடி சுலபமாக இறங்கியிருக்கிறார்கள். பிறகு பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய, உட்கார்ந்து, உள்ளங்கையை ஊன்றிச் சறுக்கி இறங்கியிருக்கிறார்கள். அப்படி இரண்டு இடத்தில் சறுக்கி, மூன்றாவதாக இரண்டடி அகல விளிம்பு ஒன்றில் போய் நின்றதும்தான் கீழே எதுவும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. திரும்பி ஏறலாம் என்றால் சறுக்கி வந்த பாறையில் பிடிமானமே இல்லை, ஒரு வெடிப்பிலிருந்து கசிந்த தண்ணீரில் ஷூ நிற்கவில்லை. ஒருவர் கையிலிருந்து ட்ரெக்கிங் குச்சி நழுவியது. பாறையில் இரண்டு தடவை கணகணவென்று சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு எங்கோ அடியில் ஒரு சத்தம். அந்த நடுவில் இருந்த மௌனத்தில்தான் கால் உதற ஆரம்பித்தது என்று தம்பி அப்புறம் சொன்னான்.

நான் வந்த வழியிலேயே சுற்றி இறங்கி, கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன். அவர்களுக்கு இடப்பக்கம் பன்னிரண்டு பதினைந்தடியில் புல் முளைத்த வெடிப்பு ஒன்று குறுக்காக மேலேறிப் போனது. கீழிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது, விளிம்பில் நிற்கிறவர்களுக்கு ஒரு முண்டுப் பாறை மறைத்தது. கத்தினால் ஓடைச் சத்தத்தில் கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி, பையைக் கழற்றி ஒருவர் ஒருவராகக் கைமாற்றச் சொல்லி, வயிற்றைப் பாறையோடு ஒட்டி நகரவைத்து, மறுபடி மேலே ஏற்றி, பிறகு சரியான வழியில் இறக்குவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. சுற்று வழிக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் இருபது நிமிடம். அன்றைக்கு மேகம் திரளவில்லை என்பதால் கதை இதோடு முடிந்தது.

அதனால் நான் கூட்டிப்போகிறவர்களிடம் கறாராகச் சொல்வது இரண்டுதான். திரும்பி ஏற முடியாத எதிலும் சறுக்கியோ குதித்தோ இறங்கக் கூடாது. ஏறின வழியிலேயே இறங்க வேண்டும். இரண்டாவதற்கு ஏறும்போதே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சரிவு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பி, இறங்கும்போது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, புல்சரிவின் உச்சியில் நீங்கள் வெளியே வந்த அந்த ஒற்றை இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். சரிவின் அடி எளிதாகக் கிடைக்கும், உச்சிதான் கிடைக்காது. ஐம்பதடி தள்ளி இறங்க ஆரம்பித்தால் சுவர்மேல் நிற்பீர்கள். இருட்டில் ஏறாதீர்கள் என்று முன்னால் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான், இருட்டில் திரும்பிப் பார்த்து என்ன தெரியப் போகிறது?

அடுத்தவர் ஜிபிஎக்ஸ் கோடு

வேறு யாரோ தான் நடந்த வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து இணையத்தில் போட்ட கோட்டைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு தலை நிமிராமல் நடப்பது. கோடு போட்டவர் ஜூன் முதல் வாரம் பனிமேல் ஜாலியாக நடந்து போயிருப்பார். ஆகஸ்டில் அதே கோட்டின் கீழே கார் அளவுப் பாறைகள் ஆடிக்கொண்டிருக்கும். தேதியைப் பாருங்கள்.

கல் அடுக்குகள்

வழி காட்டுவதற்கென்று யாரோ அடுக்கிவைத்த கற்களை நம்பாதீர்கள். நீங்களும் அடுக்காதீர்கள்.

காலையில் கெட்டி, மதியம் சொதசொத

ஜூலையிலும் நிழல் சரிவுகளில் பனித்திட்டு கிடக்கும். விடிகாலையில் அது இரவெல்லாம் உறைந்த கட்டி, சாதா ஷூ கடிக்காது, கீழே பாறையோ ஏரியோ இருந்தால் விளையாட்டில்லை. ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்சங்கிலியான மைக்ரோஸ்பைக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், செங்குத்தாக இருந்தால் அதுவும் போதாது, சுற்றிப் போங்கள். அதே திட்டு பதினொரு மணிக்கு இளகி, பாறை ஓரங்களில் அடியில் கூடாகிவிடும். தொடை வரை கால் உள்ளே போய்ப் பாறை இடுக்கில் மாட்டும்.

ஓடை இதற்கு நேர்மாறு. பனி உருகித்தான் தண்ணீர் வருகிறது என்பதால் விடியலில் ஓடை இளைத்துக் கிடக்கும், சாயங்காலம் பெருத்துவிடும். ஐந்து மணிக்குக் கல் விட்டுக் கல் தாவி ஷூ நனையாமல் தாண்டிய இடத்தில் மாலை நாலு மணிக்கு அந்தக் கற்களே காணாமல் போயிருக்கும். பனி அதிகம் விழுந்த வருடங்களில் ரொம்ப ஜாக்கிரதை. 2023-இல் டையோகா சாலையே ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தது, அந்த வருடம் வழக்கமாகக் கணுக்கால் நனைகிற ஓடைகள் எல்லாம் இடுப்பளவு மிரட்டின.

மைலை வைத்து நேரம் போடுவது

பாதை இல்லாத பாறைக் குவியலில் மணிக்கு ஒரு மைல் போனால் நல்ல வேகம். இறங்கும்போதும் அதே கதிதான், பல சமயம் அதைவிட மோசம்.

ட்ரோன்

இந்த ஏரிகள் இருக்கிற ஜான் மியூர் வைல்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் தடை. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் "சியரா போறோம்" என்று மட்டும் சொல்வது

சியரா நீளவாக்கில் நானூறு மைல். எந்த டிரெயில்ஹெட் (பாதை தொடங்குகிற இடம்), எந்த ஏரி, கார் நம்பர் என்ன, எத்தனை மணிக்குள் போன் வரவில்லையென்றால் கூப்பிட வேண்டும், எந்த கவுண்டி (மாவட்ட) ஷெரிப்பை, அதாவது போலீஸ் தலைவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு மெசேஜில் எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள். பிஷப் பக்கத்து ஏரிகள் இன்யோ கவுண்டி, மேமத் பக்கம் மோனோ, லிட்டில் லேக்ஸ் வேலி போன்ற இடங்கள் எல்லையை ஒட்டியே கிடக்கும், அதனால் இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள். தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஏறி வருவார்கள். கூப்பிட வேண்டிய நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். மதியம் இரண்டு மணிக்குக் காருக்கு வருவதாகத் திட்டம் என்றால் நான் வீட்டில் இரவு எட்டு என்று சொல்லிவிட்டுப் போவேன், 395-க்கு இறங்கி வந்தால்தான் போனில் ஒழுங்காகச் சிக்னல் வரும்.