லெகோ விண்கலம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ந்தவர்கள் லெகோ கட்டைகளைக் கொண்டு விண்கலம் கட்டுவது யாழ்ப்பாணத்தில் இன்னும் பலருக்குப் புதினமான செயலாகவே தெரிகிறது. வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசை விளக்கின் கீழ் மணிக்கணக்காக அமரும் எங்களுக்கோ இது கணக்கும் பொறுமையும் வேண்டுகின்ற கைவேலை. இதில் நேரும் தவறுகளிற் பெரும்பாலானவை, முதற்கட்டையை வைப்பதற்கு முன்னரே நடந்துவிடுகின்றன என்பதுதான் இத்தனை காலத்தில் நான் கண்டது.

அவற்றுள் பெரியது, அளவுவிகிதத்தைத் தீர்மானிக்காமல் தொடங்குவது. மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ரொக்கெட் 110.6 மீற்றர் உயரமானது. 2017 இல் லெகோ நிறுவனம் 1969 துண்டுகளுடன் வெளியிட்ட அதன் மாதிரி, 1:110 என்ற விகிதத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்கு வருகிறது. அதே ரொக்கெட்டை லெகோ மனித உருவம் ஒன்றுக்குப் பொருத்தமாகச் சொந்தமாகக் கட்ட விரும்பினால், அந்த உருவம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் என்பதால் விகிதம் 1:44 அளவுக்கு மாறி, மாதிரி இரண்டரை மீற்றராக வளர்ந்து, அறைக் கதவின் நிலையையும் தாண்டி நிற்கும்.

விகிதம் முடிவான பின் ஒவ்வொரு பகுதியின் அகலத்தையும், கட்டையின் மேல் புடைத்து நிற்கும் குமிழ்களின் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். சாட்டர்ன் 5 இன் முதலாம் கட்டத்தின் விட்டம் 10.1 மீற்றர், 1:110 இல் அது 9.2 சென்ரிமீற்றர்; குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர் என்பதால் பதினொன்றரைக் குமிழ். மூன்றாம் கட்டம் 6.6 மீற்றர், அதாவது ஏழரைக் குமிழ். அரைக் குமிழ் கட்ட வசதிப்படாதபோது இரண்டையும் மேல்நோக்கி எடுத்து 12, 8 என்று வைத்தால் உண்மையான உடல்வாகு ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளி 12, 7 என்று வைத்தால், புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரொக்கெட்டின் தலை மெலிந்துபோனது உடனே தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, எந்தப் பறப்பின் கலத்தைக் கட்டுகிறோம் என்று முடிவெடுக்காமல் கிடைத்த படங்களையெல்லாம் கலந்துகொள்வது. விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) பெரிய வெளி எரிபொருள் தாங்கி 1981 இல் நடந்த முதலிரண்டு பறப்புகளில் மட்டுமே வெள்ளைப் பூச்சுடன் சென்றது. பூச்சை விட்டால் ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை குறையும் என்பதால் அதன்பின் அது செம்மஞ்சள் நிறத்திலேயே விடப்பட்டது. அந்த இரண்டிலும் பறந்தது கொலம்பியா என்ற விண்ணோடம். டிஸ்கவரி என்ற மற்றொரு விண்ணோடம் முதன்முதலிற் பறந்தது 1984 இல். ஆகவே டிஸ்கவரியின் வயிற்றோடு வெள்ளைத் தாங்கியை இணைத்துக் கட்டுவது, எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும், நடக்காத ஒன்றைக் கட்டுவதாகும். சாட்டர்ன் 5 இலும் இதே சிக்கல் உண்டு. 1966 இல் ஏவுதள வசதிகளைச் சோதிப்பதற்காக நிறுத்தப்பட்ட 500எப் என்ற வாகனம் ஒருநாளும் பறக்கவில்லை. அதன் கறுப்பு வெள்ளைப் பூச்சும் பறந்த ரொக்கெட்டுகளின் பூச்சும் ஒன்றல்ல. பழைய பிளாஸ்ரிக் மாதிரிப் பெட்டிகள் பல அந்தச் சோதனை வாகனத்தையே பின்பற்றியதால், தவறு கைமாறிக் கைமாறி எங்கள் மேசை வரை வந்திருக்கிறது. ஒரு பறப்பைத் தெரிந்தெடுத்து, அதன் படங்களை மட்டும் ஒரு கோவையில் சேர்த்துவைத்துவிட்டுக் கட்டத் தொடங்குங்கள்.

என் முதலாவது ரொக்கெட் சரிந்தது வேறு காரணத்தால். உள்ளே ஒன்றும் வைக்காமல் சுற்றுச்சுவரை மட்டும் அடுக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் கட்டத்தின் நடுப்பகுதியில் அது மெல்லச் சாயத் தொடங்கியது. இடம் மாற்றலாமென்று நடுவிற் பிடித்துத் தூக்கியபோது மேற்பாதி என் கையோடு வர, கீழ்ப்பாதி மேசையிலேயே நின்றது. குமிழின் பிடிப்பு அழுத்தத்தைத் தாங்கும். வளைவையும் இழுவையும் அந்த அளவுக்குத் தாங்காது. மதில் கட்டும் மேசன் மூட்டுக்கு மேல் மூட்டு வராமற் கல் வைப்பதைப் போல ஒவ்வொரு வரியும் கீழ்வரியின் மூட்டை மூட வேண்டும். அதைவிட முக்கியமாக, நடுவே சதுரமான ஒரு தண்டைக் கட்டி, பக்கவாட்டில் குமிழுள்ள கட்டைகளின் உதவியோடு வெளிப்புறத்தைப் பலகை பலகையாக அதிற் பொருத்த வேண்டும். அப்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: தட்டு எனப்படும் மெல்லிய கட்டை ஒன்றின் தடிப்பு 3.2 மில்லிமீற்றர், ஐந்து தட்டுகள் சேர்ந்தால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கம் திருப்பிய பலகை இடைவெளியின்றிப் பொருந்துவது இந்தக் கணக்கினாற்றான். ஒவ்வொரு வரி முடிந்ததும் மூட்டின் மேல் பெருவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத மயிரிழை இடைவெளியில் நகம் சிக்கும். அந்த இடத்தில் இன்னொரு முறை அழுத்த வேண்டும். விட்டுவிட்டால் இருபதாவது வரியில் அது சரிவாகத் தெரியும்.

எங்களிற் பலருக்குப் பெட்டிகள் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரின் பயணப்பொதியிலேயே வருகின்றன. தொலைந்த ஒரு துண்டுக்காக அடுத்த திருவிழாவுக்கு வரும் மாமாவைக் காத்திருக்க நேரும் என்பதால், இலக்கமிட்ட பைகளை ஒன்றாகக் கொட்டாதீர்கள். துண்டுகளை நிறத்தால் அன்றி வடிவத்தால் பிரித்து ஐஸ்கிரீம் பெட்டிகளில் இடுங்கள். வெள்ளைக் குவியலில் ஒரு சிறு வெள்ளைத் தட்டைத் தேடுவது கடினம்; தட்டுக் குவியலில் வெள்ளையைத் தேடுவது எளிது.

கட்டி முடித்ததைக் கெடுப்பது பெரும்பாலும் எங்கள் வெயில்தான். வெயிலின் புறஊதாக் கதிர்கள் இந்தப் பிளாஸ்ரிக்கை மஞ்சளாக்கும்; விண்கலங்களில் வெள்ளை மிகுதி என்பதால் யன்னலோரத்தில் வைத்த மாதிரி வேகமாக முகம் மாறும். நண்பகலில் மூடிய காருக்குள் ஒருபோதும் விட்டுச் செல்ல வேண்டாம். கழுவ நேர்ந்தால் தண்ணீர் 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. நகப்பூச்சு நீக்கும் அசிற்றோன் கட்டையையே கரைத்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி குமிழ்களுக்கிடையே படிந்து விடாப்பிடியாக நிற்கும் என்பதால், கண்ணாடிக் கதவுள்ள அலுமாரியே நல்ல இடம். அது இல்லாவிட்டால் வாரமொரு முறை மென்மையான ஓவியத் தூரிகையால், மேலிருந்து கீழாக, மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்துவிடுங்கள்.