தோட்டத்துல டிஷ் கேபிள் புதைக்கிறது எப்படி: மலைச் சரிவுல இருக்கறவங்களுக்கு

எங்க வீடு கோத்தகிரி பக்கம். தென்கிழக்கால வரிசையா சில்வர் ஓக் மரம், கூரைமேல டிஷ் வச்சா சிக்னல் வராது, அதனால தோட்டத்துக் கோடியில கம்பம் நட்டு அங்கிருந்து 25 மீட்டர் கேபிளை மண்ணுக்குள்ளயே கொண்டுவந்தோம். முதல் தடவை போட்டது ஐப்பசி மழையோட போச்சு, தோண்டிப் பாத்தா நடுவுல போட்ட ஜாயிண்ட் பச்சை பூத்துக் கிடக்கு. ரெண்டாவது தடவை செஞ்சதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல கேபிள். வீட்டுக்குள்ள ஓட்டற வெள்ளை வயர் வேண்டாம். ஆர்ஜி6, 75 ஓம், கறுப்பு உறை, உள்ள ஜெல் போட்டது, மண்ணுல புதைக்கிறதுன்னு சொல்லியே கேளுங்க. நடுக்கம்பி முழுச் செம்பா இருக்கணும். ஏன்னா டிஷ் முனையில இருக்கற எல்என்பிக்கு (சிக்னலை வாங்கற அந்தச் சின்னப் பெட்டி) 13 இல்லன்னா 18 வோல்ட் இதே கேபிள்லதான் போகுது, செம்பு பூசின இரும்புக் கம்பின்னா தூரம் கூடக்கூட வோல்ட் இறங்கும், அப்புறம் பாதி சேனல் மட்டும் காணோம்னு மண்டையப் பிச்சுக்கணும். அளந்ததுக்கு மேல 2 மீட்டர் சேத்து ஒரே துண்டா வாங்குங்க, மண்ணுக்குள்ள ஜாயிண்ட்டே கூடாது.

அடுத்து வழி. சுண்ணாம்புப் பொடி தூவி கோடு போடுங்க. நேரா மேலிருந்து கீழ இறக்காதீங்க, கிளறின மண்ணு இளகித்தான் இருக்கும், மழைத்தண்ணி அதையே வாய்க்கால் ஆக்கி கேபிளை வெளிய காட்டிடும். சரிவுக்குக் குறுக்கால சாய்வா கொண்டுபோங்க. நேரா இறக்கியே ஆகணும்னா அஞ்சடிக்கு ஒரு இடத்துல கல்லு வச்சு களிமண்ணை நல்லா இடிச்சு அடைங்க. கரண்டு வயர் எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுக்காம கடப்பாறையைத் தூக்காதீங்க, அதுல இருந்து ஒரு அடியாவது தள்ளியே போகணும்.

புல்தரைன்னா குழியே வேண்டாம். மண்வெட்டி இல்ல, தட்டையான ஸ்பேடு, அதை அரை அடி இறக்கி முன்னயும் பின்னயும் ஆட்டுனா ஒரு பிளவு விழும், கேபிளை உள்ள விட்டு மிதிச்சு மூடிடலாம். கேரட், உருளைக்கிழங்கு பாத்தி பக்கம், காட்டுப்பன்றி கிளர்ற இடம், இங்கெல்லாம் ஒரு அடி தோண்டி ஒரு இஞ்ச் பிவிசி பைப்புக்குள்ள விடுங்க. திருப்பத்துல எல்போ போடாதீங்க, கேபிள் மடிஞ்சிரும், பெரிய வளைவா வரட்டும்.

சுவத்துல ஓட்டை வெளிய இருந்து உள்ள மேல்நோக்கி போடணும், அப்பதான் தண்ணி உள்ள வராது. ஓட்டைக்குக் கீழ கேபிளை ஒரு தொங்கல் விட்டு சிலிகான் அடைங்க. நம்ம ஊர் இடிக்கு எர்த் பிளாக் (கேபிளோட வெளிக்கம்பி வலையை எர்த்தோட இணைக்கற சின்ன உலோகத் துண்டு) கட்டாயம், வீட்டு எர்த்தோட சேக்கற வேலையை மட்டும் எலக்ட்ரீசியன்கிட்ட விட்டுடுங்க.

மூடறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல சிக்னல் பாத்துடுங்க. மண்ணைக் கொஞ்சம் கூம்பா போடுங்க, முதல் மழைக்கே அமுங்கும். அளவு டேப்பை வச்சு குழியை போன்ல போட்டோ எடுத்து வைங்க, அடுத்த வருஷம் அம்மா அங்கதான் ரோஜாச்செடி வைக்கணும்பாங்க.