ஜப்பானியச் சிலந்தி நண்டை அடையாளம் கண்டு வகைப்படுத்தும் முறை

ஜப்பானின் சுருகா விரிகுடாவில் ஆழ்கடல் இழுவலையில் ஏறும் உயிரினங்களில், பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையைத் தருவது ஜப்பானியச் சிலந்தி நண்டு. ஜப்பானியர் இதைத் தக்கா-அஷி-கானி என்கிறார்கள். அறிவியல் பெயர் மாக்ரோகைரா கெம்ப்ஃபெரி. முழுவளர்ச்சி அடைந்த ஆணின் விரித்த கொடுக்குகளுக்கு இடையே 3.7 மீட்டர் வரை அளவு காணப்படுகிறது. ஓடு 40 சென்டிமீட்டரை எட்டலாம். எடை 19 கிலோகிராம் வரை போகலாம். இத்தகைய பேருருவை வேறொன்றாக எவரும் எண்ண மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வு மேசைக்கு வருபவை பெரும்பாலும் இளம் நண்டுகளும், கால் இழந்த நண்டுகளும், நிறம் போன பழைய மாதிரிகளுமே. அவற்றில் கால்நீளத்தை நம்புகிறவர் தவறான பெயரில் போய் நிற்பார். ஆகவே இங்கே கால்நீளத்தைக் கடைசிக்குத் தள்ளி, பெரிய பிரிவிலிருந்து சிறிய பிரிவுக்கு ஒவ்வொரு படியாக இறங்கும் முறையை விளக்குகிறேன்.

நண்டைத் திரவத்தில் இடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. உயிருள்ள நிலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் உடலும், வெண்புள்ளிகள் படர்ந்த கால்களும் பாதுகாப்புத் திரவத்தில் விரைவில் வெளிறிவிடும். எனவே முதுகுப்புறம், வயிற்றுப்புறம், முகப்பு ஆகிய மூன்று கோணங்களிலும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பின்னர் ஒரு நடைக்காலிலிருந்து சிறிதளவு தசையை எடுத்து, 95 விழுக்காடு எத்தனாலில் தனியே வைக்க வேண்டும். உடல் ஒருமுறை ஃபார்மலினுக்குள் போய்விட்டால் மரபணு சிதைந்துவிடும் என்பதால், இந்த வரிசையை மாற்றலாகாது. பிடிபட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், வலையின் வகை, நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதி, மாதிரியோடு கூடவே இட வேண்டும். இடமும் ஆழமும் தெரியாத மாதிரி அழகாக இருந்தாலும், வகைப்பாட்டுக்கு அதனால் பயன் குறைவு.

முதற்கேள்வி, இது உண்மையான நண்டா என்பதே. ஜப்பானியச் சந்தைகளில் நீண்ட கால்களோடு விற்கப்படும் தரபா நண்டு, பெயரில் மட்டுமே நண்டு. அது துறவி நண்டுகளுக்கு நெருங்கிய உறவுடைய அனோமூரா பிரிவைச் சேர்ந்தது. அதற்குக் கொடுக்குகள் நீங்கலாக மூன்று இணை நடைக்கால்களே வெளியே தெரியும். ஐந்தாம் இணை மிகவும் சிறுத்து, ஓட்டுக்கு அடியில் செவுள் அறைக்குள் மடங்கியிருக்கும். சிலந்தி நண்டுக்கோ ஒரு கொடுக்கு இணையும் நான்கு நடைக்கால் இணைகளும் வெளிப்படையாக இருக்கும். எண்ணும்போது கால்களை அல்ல, கால் பொருந்தும் குழிகளை எண்ண வேண்டும். ஏனெனில் இச்சிற்றினத்தில் ஒரு காலேனும் இழந்த நண்டுகள் மிகவும் சாதாரணம். குறிப்பாக முதல் நடைக்கால்களே அதிகம் இழக்கப்படுகின்றன. நண்டின் கால் எப்போதும் அடிப்பகுதியில் உள்ள குறிப்பிட்ட முறிவிடத்தில்தான் கழன்று விழும். அடிக்கணு உடலிலேயே எஞ்சியிருப்பதால், எத்தனை கால்கள் இருந்தன என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடலாம். இத்துடன் உணர்கொம்புகளையும் பார்க்க வேண்டும்: உண்மையான நண்டுகளில் அவை கண்களுக்கு இடைப்பட்ட பகுதியில் முளைக்கும், அனோமூராக்களில் கண்களுக்கு வெளிப்புறமாக அமையும். பெண் தரபா நண்டின் வயிற்று மடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சமச்சீரற்று இருப்பதும் தெளிவான வேறுபாடு.

அடுத்து விலக்க வேண்டியது ஹோமோலிடே குடும்பம். இதுவும் ஆழ்கடலில் வாழ்வது. இதற்கும் கால்கள் நீண்டவை. ஜப்பானியக் கடலில் பரோமோலா பேரினம் இதன் சார்பாக இருக்கிறது. புகைப்படங்களில் இதைச் சிலந்தி நண்டு என்று குறிப்பிடுவது அடிக்கடி நிகழ்கிறது. பரோமோலாவின் கடைசி இணைக் கால்கள் மற்றவற்றின் வரிசையில் இல்லாமல் முதுகின் மேல்நோக்கி எழும்பி, நுனியில் பொருளைப் பற்றிப்பிடிக்கும் அமைப்போடு இருக்கும். அவற்றால் அது கடற்பஞ்சுகளை முதுகின் மேல் தாங்கிச் செல்கிறது. ஓடும் பேரிக்காய் வடிவில் குவியாமல் நீள்சதுரமாக இருக்கும். கடைசிக் கால்களும் மற்ற நடைக்கால்களைப் போலவே பக்கவாட்டில் நீண்டிருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போகலாம்.

இனி வருவது மாஜாய்டியா என்னும் பெருங்குடும்பம். பெரும்பாலான சிலந்தி நண்டுகள் இதற்குள்ளேயே அடங்கும். ஓடு பொதுவாக அகலத்தைவிட நீளம் மிகுந்து, பின்புறம் உருண்டு, முன்னோக்கிக் குறுகிப் பேரிக்காய் போல இருக்கும். முன்முனையில் ஒன்றோ இரண்டோ மூக்கு முட்கள் நீண்டிருக்கும். பலவற்றின் ஓட்டில் கொக்கி போல் வளைந்த மயிர்கள் உண்டு. அம்மயிர்களில் கடற்பஞ்சுத் துண்டுகளையும் பிற உயிர்களையும் மாட்டிக்கொண்டு நண்டு தன்னை மறைத்துக்கொள்ளும். ஜப்பானியச் சிலந்தி நண்டிலும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே ஓட்டின் மேல் ஒட்டியிருப்பவற்றை அழுக்கு என்று கருதி உடனே தேய்த்துக் கழுவக் கூடாது. முதலில் படம் எடுத்து, பிறகு மென்மையான தூரிகையால் அகற்றி, அவற்றையும் தனிப் புட்டியில் பாதுகாக்க வேண்டும்.

பெருங்குடும்பத்துக்குள் குடும்பங்களைப் பிரிப்பதற்குப் பழைய வகைப்பாட்டாளர்கள் முதன்மையாக நம்பியது கண்குழியை. கை உருப்பெருக்கியால் முகப்பைக் கவனித்து, கண்ணின் மேல் கூரை போன்ற விளிம்பு உண்டா, அதற்கும் கண்ணுக்குப் பின்னுள்ள முள்ளுக்கும் நடுவே மற்றொரு முள் உண்டா, கண்காம்பை மடக்கி மறைக்க இடம் உண்டா என்று மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மாஜிடே குடும்பத்தில் இக்காப்பு உறுப்புகள் நன்கு வளர்ந்திருக்கும். இனாகிடே குடும்பத்தில் முறையான கண்குழியே இல்லாமல் கண்கள் வெளிப்பட்டு நிற்கும். படம் வரைந்து குறிப்பதே சிறந்தது. சொற்களால் மட்டும் எழுதி வைத்தால், சில மாதங்களுக்குப் பிறகு அதே மாதிரியைப் பார்க்கும்போது என்ன கண்டோம் என்பதில் ஐயம் எழும்.

இந்த நிலையில் குழப்பம் தரக்கூடியவை முக்கியமாக இரண்டு. பிளாட்டிமையா பேரினத்து நண்டுகள் இதே கடலின் ஆழங்களில் வாழ்பவை. அவற்றின் ஓடு வட்டமாகவும், கால்கள் வரிசையான நீள முட்களோடும் இருக்கும். மாக்ரோகைராவின் கால்களில் அத்தகைய முள்வரிசை இல்லை. மற்றொன்று சந்தையில் புகழ்பெற்ற ஸுவாய் நண்டு, அதாவது பனி நண்டு. அதுவும் மாஜாய்டியாவே, ஆனால் ஓரிகோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஓடு நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒத்து, உருண்டையாக இருக்கும், கால்கள் தட்டையானவை.

இப்போது சிற்றினத்துக்குரிய அடையாளங்களைப் பார்க்கலாம். கண்களுக்கு நடுவே முன்னோக்கி விரியும் இரண்டு மூக்கு முட்கள், முதுகெங்கும் பரவிய சிறு புடைப்புகள், பேரிக்காய் வடிவ ஓடு ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட வேண்டும். இங்கேதான் வயதைப் பற்றிய எச்சரிக்கை தேவைப்படுகிறது. இளம் நண்டுகளில் மூக்கு முட்கள் உடலளவை நோக்க மிகவும் நீண்டும், மயிர்கள் அடர்ந்தும் இருக்கும். வளர வளர இரண்டும் குறைந்து, முதிர்ந்த நண்டில் மூக்கு முட்கள் மழுங்கிய சிறு மேடுகள் போல் எஞ்சுகின்றன. ஒரு முதிர்ந்த ஆணையும் ஓர் இளம் நண்டையும் அருகருகே வைத்தால் இரண்டு சிற்றினங்கள் என்று கருதத் தோன்றும். ஆகவே பல அளவு நண்டுகளை வரிசைப்படுத்தி, ஓட்டின் நீளத்துக்கு மூக்கு முள்ளின் நீளம் என்ன விகிதத்தில் மாறுகிறது என்று பார்ப்பதே முறையானது. ஓட்டின் நீளத்தை எடுக்கும்போது மூக்கு முள்ளைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

பாலினமும் அவ்வாறே உருவத்தை மாற்றுகிறது. வயிற்று மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று முட்டைகளைத் தாங்கும் வகையில் வளைந்திருந்தால் பெண். முதிர்ந்த ஆணில் கொடுக்குக் கால்கள் நடைக்கால்களைக் காட்டிலும் நீண்டு வளர்கின்றன. பெண்ணில் அவை அடுத்துள்ள நடைக்கால்களைவிடக் குட்டையானவை. எனவே கொடுக்கு நீளத்தை ஒப்பிடுமுன் பாலினத்தையும், அக்கால் இழந்து மீண்டும் முளைத்ததா என்பதையும் தீர்மானித்தாக வேண்டும்; மறுமுளைப்புக் கால் தன் இணையைவிடச் சிறியதாகவும் மெலிந்தும் இருக்கும். ஆண் நண்டின் வயிற்று மடலை மெல்ல விரித்து, முதல் இணை இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் நுனியையும் வரைந்து வைக்க வேண்டும். நண்டுகளின் சிற்றினங்களைப் பிரிப்பதில் இவ்வுறுப்புக்கு இணையான சான்று உடலில் வேறு இல்லை.

பிடிபட்ட இடமும் ஒரு சான்றே. இந்நண்டு ஜப்பானின் பசிபிக் கரையில் டோக்கியோ விரிகுடாவிலிருந்து தெற்கே ககோஷிமா வரை வாழ்கிறது. வடக்கே இவாதே பகுதியிலும், தைவானின் கிழக்குக் கரையிலும் தனித்த கூட்டங்கள் காணப்பட்டுள்ளன. ஆழம் ஏறத்தாழ 50 முதல் 600 மீட்டர் வரை. இனப்பெருக்கக் காலத்தில் ஆழம் குறைந்த இடங்களுக்கு ஏறி வரும். வங்காள விரிகுடாவின் ஆழத்தில் கிடைத்த சிலந்தி நண்டுக்கு இந்தப் பெயரைச் சூட்ட முனைகிறவர்கள், முதலில் 1891இல் வுட்-மேசன் விவரித்த என்செஃபலாய்டிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கியைப் பார்க்க வேண்டும். செவுள் பகுதிகள் இருபுறமும் மூளை போல் உப்பி நிற்கும் அதன் ஓட்டை மாக்ரோகைராவோடு குழப்பிக்கொள்ள இடமே இல்லை.

அடையாளம் முடிந்தது, வகைப்பாடு இன்னும் முடியவில்லை. நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் டெம்மிங்க், ஜெர்மானிய மருத்துவரும் இயற்கையியலாளருமான சீபோல்ட் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பொருள்களை அடிப்படையாகக் கொண்டு, 1836இல் இந்நண்டை மாஜா பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். சிற்றினப் பெயர், 1690 முதல் 1692 வரை ஜப்பானில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் கெம்ப்ஃபெரை நினைவுகூர்கிறது. 1839இல் விலங்கியலாளர் டி ஹான் இதற்காக மாக்ரோகைரா என்னும் துணைப்பேரினத்தை அமைத்தார். 1886இல் விலங்கியலாளர் மையர்ஸ் அதைப் பேரினமாக உயர்த்தினார். இப்பேரினத்தில் இன்று உயிரோடிருக்கும் சிற்றினம் இது ஒன்றே. ஜப்பானில் மயோசீன் என்னும் தொல்புவிக்காலத்தைச் சேர்ந்த பாறை அடுக்குகளிலிருந்து ஜின்ஸானென்சிஸ், யாபெய் என்னும் புதைபடிவச் சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன.

குடும்பம் எது என்பதில்தான் நெடுங்காலக் கருத்து வேறுபாடு. நீண்ட காலம் இது இனாகிடேயில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே பொருந்தவில்லை. இதற்கான சான்று இளவுயிரியிலிருந்து வந்தது. மாஜாய்டியா நண்டுகள் அனைத்துக்கும் முட்டையிலிருந்து வெளிவந்தபின் நீந்தித் திரியும் சோயியா என்னும் இளவுயிரி நிலைகள் இரண்டும், அதையடுத்து நண்டு வடிவுக்கு மாறும் மெகலோப்பா என்னும் நிலை ஒன்றும் மட்டுமே உண்டு. 1991இல் கிளார்க், வெபர் இருவரும் மாக்ரோகைராவின் சோயியாவை மறுபடி விவரித்து, அதன் அமைப்பு மற்ற மாஜாய்டியாக்களிலிருந்து விலகி நிற்பதைக் காட்டினர். 1851இல் டானா தந்த மாக்ரோகைரிடே என்னும் பெயரே இன்று இதன் குடும்பமாகப் பயன்படுகிறது. என் கருத்தில் இது சரியான முடிவு. வயது வந்த உடலின் வடிவம் சூழலுக்கு ஏற்ப எளிதில் வளைந்துகொடுக்கக்கூடியது. இளவுயிரியின் சான்று அதற்கு எதிராக நிற்கும்போது, அதை ஒதுக்கிவிட்டுக் கண்குழியை மட்டும் பற்றிக்கொள்வது நியாயமாகாது.

பதிவில் பெயரை எழுதும்போது டெம்மிங்கின் பெயரும் 1836 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். அவர் வைத்த பேரினம் பின்னர் மாறிவிட்டது என்பதை அந்தக் குறி தெரிவிக்கிறது. மரபணு ஒப்பீட்டுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படிப்பது வழக்கம். ஆனால் பொதுத் தரவகத்தில் கிடைக்கும் வரிசை எந்த மாதிரியிலிருந்து வந்தது, அம்மாதிரி அருங்காட்சியகத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதனோடு ஒப்பிட வேண்டும். மூக்கு முள் உடைந்து, வயிற்று மடல் சிதைந்து, மரபணுவும் கிடைக்காத சிறு நண்டாக இருந்தால், சிற்றினம் வரை போகாமல், சான்று அனுமதிக்கும் நிலையில் நிறுத்தி, பேரினத்தையோ குடும்பத்தையோ மட்டும் எழுதி, எந்த உறுப்பைப் பார்க்க முடியவில்லை என்பதையும் சீட்டிலேயே குறித்து வையுங்கள்.